வாக்குச்சீட்டும் நிலச்சீட்டும்: ஜாக்சன் கால அமெரிக்கா

[திரையில்: அமெரிக்காவின் தென்கிழக்கு வரைபடம். ஜார்ஜியா மாநிலத்தின் வடமேற்கு மூலை மட்டும் நிறம் மாறுகிறது.]

1832 அக்டோபர். ஜார்ஜியாவின் அன்றைய தலைநகரான மில்லெட்ஜ்வில்லில் ஒரு குலுக்கல் நடக்கிறது. ஓர் உருளையில் ஆட்களின் பெயர்ச் சீட்டுகள், இன்னொன்றில் நிலத்தின் எண்கள். உங்கள் பெயரும் ஒரு நில எண்ணும் சேர்ந்து வந்துவிட்டால் சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கரை எழுதி வாங்கிக்கொள்ளலாம். தங்கம் இருப்பதாக நம்பப்பட்ட பகுதியென்றால் 40 ஏக்கர்.

மாநிலத்தில் மூன்று வருடம் குடியிருந்த, 18 வயது நிரம்பிய வெள்ளைக்கார ஆணுக்கு ஒரு சீட்டு. கல்யாணம் ஆனவருக்கு இரண்டு. விதவைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும்கூடப் பங்கு உண்டு. பெரிய பண்ணைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் அதே கணக்குதான்.

ஆனால் அந்த நிலம் காலியாக இல்லை. செரோக்கி என்ற பழங்குடி மக்கள் அங்கே குடியிருந்தார்கள்.

[திரையில்: 1776, 1807, 1821, 1828 என்று ஆண்டுகள் வரிசையாக.]

இது எப்படி நடந்தது என்று புரிய, வாக்குரிமையின் கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். விடுதலை பெற்றபோது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சொத்து இருந்தால்தான் ஓட்டு. அடுத்த ஐம்பது வருடங்களில் அந்த நிபந்தனை ஒவ்வொரு மாநிலமாக உதிர்ந்தது. 1824-ல் அதிபர் தேர்தலில் வாக்களித்தவர்கள் தகுதியுள்ளோரில் சுமார் 27 சதவீதம். 1828-ல் சுமார் 57. 1840-ல் 80-ஐத் தொட்டது. பெரிய பாய்ச்சல்தான், மறுக்கமுடியாது.

ஆனால் அதே சட்டங்களை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். நியூ ஜெர்சியில் 1776 முதல், சொத்து வைத்திருந்த திருமணமாகாத பெண்களும் விதவைகளும், சுதந்திரமான கறுப்பினத்தவரும் வாக்களித்தார்கள். 1807-ல் ஓட்டு வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். நியூயார்க் 1821-ல் வெள்ளையருக்குச் சொத்து நிபந்தனையை எடுத்தது. கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. பென்சில்வேனியா 1838-ல் ‘வெள்ளை’ என்ற சொல்லைச் சாசனத்துக்குள்ளேயே சேர்த்தது. ‘முதலில் சிலருக்குக் கிடைத்தது, பிறகு எல்லோருக்கும் வந்தது’ என்று பாடப்புத்தகம் சொல்வது போல இது நேராகப் போகவில்லை. ஒரு கதவைத் திறந்த கையே இன்னொன்றைச் சாத்தியது.

இந்தப் புது வாக்காளர்களின் நாயகன் ஆண்ட்ரூ ஜாக்சன். போர்த் தளபதி, எளிய குடும்பத்தில் பிறந்தவர், பிற்பாடு நூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த டென்னசி பண்ணை முதலாளி. 1824 அதிபர் தேர்தலில் அதிக வாக்கு அவருக்குத்தான். ஆனால் யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனது. சபை ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. மக்கள் தீர்ப்பைத் திருடிவிட்டார்கள் என்ற கோபத்தை நான்கு வருடம் ஊதி வளர்த்து, 1828-ல் ஜாக்சன் அபாரமாக ஜெயித்தார்.

சரி, இந்த வாக்காளருக்கு என்ன வேண்டும்? நிலம். நாடு மேற்கே விரிந்துகொண்டிருந்தது, பருத்திக்கு நல்ல விலை, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் புது மண் தேவை. அது வாக்குரிமை இல்லாதவர்களிடம் இருந்தது. இதற்கு மேல் ஓர் அரசியல்வாதிக்கு விளக்கம் வேண்டுமா என்ன?

[திரையில்: செரோக்கி எழுத்துகள்.]

செரோக்கிகள் ‘நாகரிகம்’ என்று அமெரிக்கா கேட்டதையெல்லாம் செய்து காட்டியவர்கள். செக்வோயா 1821-ல் அவர்கள் மொழிக்கு எழுத்து உருவாக்கி முடித்தார். 1827-ல் எழுதப்பட்ட அரசியல் சாசனம், 1828-ல் அவர்களுடைய தலைநகரான நியூ எக்கோட்டாவிலிருந்து இரு மொழிப் பத்திரிகை. வசதியான செரோக்கிகள் அடிமைகளையும் வைத்திருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர்கள் மண்ணில் தங்கம் கிடைத்தது.

1830 மே மாதம் ‘இந்தியர் வெளியேற்றச் சட்டம்’ வந்தது. ‘இந்தியர்’ என்றது அமெரிக்கப் பழங்குடிகளை, அவர்களை மேற்கே அனுப்புவதற்கான சட்டம் இது. மேலவையான செனட்டில் 28-க்கு 19. பிரதிநிதிகள் சபையில் மயிரிழையில் தப்பியது. வடக்கே ஓட்டே இல்லாத பெண்கள் இதை எதிர்த்து மனு மேல் மனு அனுப்பினார்கள். டென்னசி உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் டேவி கிராக்கெட் ஒருவர்தான். 1831 தேர்தலில் அவர் தோற்றார். ஜாக்சனோடு அவருக்கு வேறு சண்டைகளும் இருந்தன. என்றாலும் பக்கத்துத் தொகுதிக்காரர்கள் பாடம் படித்திருப்பார்கள்.

நீதிமன்றம் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். தடுத்தது. 1832 மார்ச்சில் வூஸ்டர் வழக்கில், செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தெளிவாகத் தீர்ப்பளித்தார். ‘தீர்ப்பு சொன்னவரே அமல்படுத்தட்டும்’ என்று ஜாக்சன் சொன்னதாக இணையத்தில் சுற்றும் வசனத்துக்கு நம்பகமான ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, பேசாமல் இருந்தாலே போதுமே. மார்ச்சில் தீர்ப்பு, அக்டோபரில் குலுக்கல், நவம்பரில் ஜாக்சனுக்கு மறுபடியும் வெற்றி, 219 தேர்வாளர் வாக்குகளோடு (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்புகிறவர்களின் வாக்குகள்).

என் பார்வையில் விஷயத்தின் மையம் இந்த எட்டு மாதங்கள்தான். மக்களை ஏமாற்றி ஒரு சர்வாதிகாரி செய்த வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஜார்ஜியாவின் வாக்காளர்கள் கேட்டார்கள், அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கொடுத்தார்கள். ஜனநாயகம் பழுதாகவில்லை, நன்றாகவே ஓடியது. அதன் கணக்கில் செரோக்கிகள் சேரவில்லை, அவ்வளவுதான்.

1835-ல் செரோக்கித் தலைவர் ஜான் ராஸ் வாஷிங்டனிலிருந்து ஊர் திரும்பியபோது, அவர் வீட்டில் குலுக்கலில் ஜெயித்தவர் குடியேறியிருந்தார். அந்த ஆண்டு இறுதியில், ராஸின் ஒப்புதல் இல்லாமல், ஒரு சிறு குழு நியூ எக்கோட்டாவில் ஒப்பந்தம் போட்டு மண்ணைக் கொடுத்துவிட்டது. இது எங்கள் ஒப்பந்தமே இல்லை என்று 15,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு மனு போனது. இவர்கள் பக்கப் பெரும்பான்மையை யாரும் எண்ணவில்லை. செனட் 1836-ல் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைச் சரியாகத் தொட்டு அந்த ஒப்பந்தத்தை ஏற்றது. ஒரு வாக்கு குறைந்திருந்தால் கவிழ்ந்திருக்கும்.

[திரையில்: ஜார்ஜியாவிலிருந்து ஒக்லஹோமா வரை நீளும் பாதை.]

1838-ல், வான் பியூரன் அதிபராக இருந்தபோது, ராணுவம் வந்தது. சுமார் 16,000 பேரை வளைத்து முகாம்களில் அடைத்து மேற்கே அனுப்பினார்கள். முகாம்களிலும், குளிர்காலம் முழுக்க நீண்ட வழியிலும் நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அந்த நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு பலருக்கும் தெரியாது. பிரதிநிதிகள் சபையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்று அது சொல்கிறது. 2019-ல் செரோக்கி தேசம் முதல்முறையாக ஒருவரை நியமித்தது. 2022 நவம்பரில் சபைக் குழு ஒன்று விசாரித்தது. அந்த இருக்கை அப்போதும் கிடைக்கவில்லை.