ஈயச் சொம்பு வந்தாச்சு! இனிமேல் ரசத்தைக் கொதிக்க விடாதீர்கள்

வணக்கம் மக்களே! இன்றைக்கு என் முகத்தை விட இதைத்தான் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டப்போகிறேன். பாருங்கள், ஈயச் சொம்பு! வெள்ளீயத்தில் செய்தது, புத்தம் புதுசு. அடிப்பக்கத்தில் சுத்தியல் தடம் வரிசையாகத் தெரிகிறதா? கையால் தட்டிச் செய்தது. மிளகு ரசம் வீடியோ போட்டதிலிருந்து, "எவர்சில்வரில் வைக்கிறதெல்லாம் ரசமா அக்கா?" என்று கமெண்டில் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, உங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

ரசத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் விலையைப் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆன்லைனில் ஒரு கடையில் இதே மாதிரி சொம்பு 3,499 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். படத்தில் பார்த்தால் நாலு பேருக்குத் தாராளமாக ரசம் வைக்கலாம் போல இருந்தது. எடை எங்கேயும் இல்லை. நான் கேள்வி கேட்டு அனுப்பினேன், "பாரம்பரியமான கைவினைப் பொருள்" என்று பதில் வந்தது. நான் கேட்டது எடை! சரி, வரட்டும் என்று வாங்கினேன். வந்ததைச் சமையலறைத் தராசில் வைத்தால் 380 கிராம். ஒரு ஆளுக்கு ரசம் வைக்கலாம், அதுவும் அந்த ஆள் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "பொருளில் குறை இல்லையே" என்கிறார்கள். அன்பாகப் பேசி, அழுத்திப் பேசி, கடைசியில் பணம் வந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈயப் பாத்திரத்தை எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். எடை சொல்லாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

அதற்கப்புறம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனோம். கல்யாணச் சாப்பாடு முடிந்த கையோடு பெரிய கடைத்தெருப் பக்கம் ஒரு பழைய பாத்திரக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே சொம்பைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். 660 கிராம். கிலோ 4,800 ரூபாய், செய்கூலி அதற்குள்ளேயே. கணக்குப் போடுங்கள், 3,168 ரூபாய். நான் 3,150 கொடுக்கிறேன் என்றேன். பெரியவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், "சரிம்மா, ரசம் வச்சுச் சாப்பிடு" என்று எழுதிவிட்டார். பதினெட்டு ரூபாய்! பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஈயத்தில் பதினெட்டு ரூபாய் குறைத்து வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஈயம் வாங்கினவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். வெள்ளீயத்தில் பெரும்பகுதி நமக்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. சத்தீஸ்கரில் தந்தேவாடா பக்கம் தாது கிடைக்கிறது, ஆனால் நம் தேவைக்கு அது போதாது. இந்தோனேசியாவில் பங்கா என்று ஒரு தீவு, ஈயத்துக்கே பேர் போனது. லண்டன் உலோகச் சந்தையில் விலை ஏறினால் கும்பகோணத்திலும் ஏறும். 2022 மார்ச்சில் ஒரு டன் 45,000 டாலரைத் தாண்டிப் போனது. செம்பை விட வெள்ளீயம் பல மடங்கு விலை. அதனால் யாராவது 800 ரூபாய்க்கு ஈயச் சொம்பு தருகிறேன் என்றால், கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இது விளையாட்டு இல்லை மக்களே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நமக்கு வேண்டியது வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம், அது விஷம். புளித்தண்ணீர் பட்டால் காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். விலை குறைந்த சொம்பில் அதைக் கலக்க வாய்ப்பு இருக்கிறது.

கடையில் பெரியவர் ஒன்று காட்டினார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சொம்பு செய்து மிஞ்சின ஒரு துண்டுத் தகட்டை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளைத்தார். உள்ளேயிருந்து நறநற என்று ஒரு சத்தம். வெள்ளீயத்தை வளைத்தால் அதன் உள்ளே இருக்கும் படிகங்கள் திரும்பிக்கொள்ளும், அந்தச் சத்தம்தான் அது. காரீயம் சத்தமே போடாமல் வளையும். இன்னொன்று, காரீயத்தை வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு போலக் கறுப்பாக விழும். கையில் தூக்கினாலும் தெரியும், ஒரே அளவு வெள்ளீயத்தை விடக் காரீயம் ஒன்றரை மடங்கு கனம்.

ஆனால் இந்தச் சோதனையெல்லாம் நிறையக் கலந்திருந்தால்தான் காட்டிக்கொடுக்கும். கொஞ்சமாகக் கலந்ததைக் காதும் தாளும் கண்டுபிடிக்காது. அதற்கு எக்ஸ்ஆர்எஃப் என்று ஒரு கருவி வைத்துப் பார்க்கிற சோதனைதான் சரி. நான் பில்லில் "சுத்த வெள்ளீயம்" என்று எழுதி வாங்கினேன், சோதனைச் சான்றும் கேட்டு வாங்கினேன். நீங்களும் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடை.

இப்போது அடுப்புக்கு வருவோம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கேஸ் அடுப்புத் தீ அதைவிட எத்தனையோ மடங்கு சூடு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பு ஏறக்குறைய 100 டிகிரியில் நிற்கும், ஒன்றும் ஆகாது. காலியாக வைத்தீர்களோ, மெழுகுவர்த்தி மாதிரி சரிந்து அடுப்பில் ஓடிவிடும். 3,150 ரூபாய் பர்னருக்குள்! அதனால் முதலில் சொம்பில் புளித்தண்ணீர், அப்புறம்தான் தீ. இறக்கும்போது முதலில் தீயை அணையுங்கள், அப்புறம் சொம்பைத் தொடுங்கள். சின்ன பர்னர், சின்னத் தீ. தீ பக்கவாட்டில் ஏறி, ரசம் இல்லாத மேல் பகுதியை நக்கக்கூடாது. முக்கால் சொம்பு ரசம் இருக்கட்டும், நுரை எழும்ப மேலே கொஞ்சம் இடம் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்காதீர்கள், வேலை செய்யாது. சொம்புக்குள் தாளிக்கவும் கூடாது. எண்ணெய் காய்ந்தால் எத்தனை டிகிரி போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாலு பேருக்கு அளவு சொல்கிறேன். புளி நெல்லிக்காய் அளவு. புதுப் புளியாக இருக்கட்டும், பழைய புளி போட்டால் ரசம் கறுத்துப்போகும், குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுத் தக்காளி இரண்டு. பெங்களூர்த் தக்காளியை நான் ரசத்துக்குப் பக்கத்தில் கூட விடமாட்டேன், உங்களுக்குத் தெரியும். தோல் தடிப்பு, புளிப்பு கிடையாது, சாலட்டுக்குப் போகட்டும். துவரம்பருப்பு மூன்று டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவையுங்கள். மசித்து, ஒன்றரைக் கப் தண்ணீர் விட்டுக் கரைத்தால் அதுதான் பருப்புத் தண்ணீர். மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், தனியா இரண்டு டீஸ்பூன், காய்ந்த மிளகாய் ஒன்று, நாலு பல் பூண்டு. அம்மியோ உரலோ எது இருக்கிறதோ, கொரகொரப்பாக இடியுங்கள். மிக்ஸியில் மாவாக அரைத்தால் ரசம் கலங்கி அடியில் வண்டல் நிற்கும்.

சொம்பில் ஒன்றரைக் கப் புளித்தண்ணீர் விட்டு, தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு, கல் உப்பு, கறிவேப்பிலை சேர்த்துப் பத்து நிமிடம் சின்னத் தீயில் விடுங்கள். பச்சை வாசனை இங்கேதான் போக வேண்டும், பிறகு போகாது. அடுத்து இடித்த பொடி, இரண்டு நிமிடம். அடுத்து பருப்புத் தண்ணீர். இனிமேல்தான் விஷயமே!

பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு ரசம் கொதிக்கவே கூடாது. மேலே நுரை கட்டி, ஓரத்தில் எழும்பி, சொம்பின் கழுத்துக்கு வரும். வந்ததும் அணைத்துவிட வேண்டும். மிளகு, சீரகம், பூண்டு எல்லாவற்றின் வாசனையும் ஆவியாகிப் பறந்துவிடக்கூடிய எண்ணெய்களில் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க அது உங்கள் சமையலறை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருவில் போகிறவருக்கு "ஆகா, ரசம்!" என்று மணக்கும், உங்கள் இலையில் புளித்தண்ணீர்தான் இருக்கும். ரசம் தளதளவென்று கொதிக்கிற வீடியோக்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பின்னணியில் பாட்டு வேறு! அந்த ரசம் அங்கேயே செத்துவிட்டது.

ஈயச் சொம்பை நான் இவ்வளவு கொண்டாடுவதும் அதனால்தான். சின்னத் தீயில்தான் வைக்க வேண்டும் என்று அதுவே நம்மைக் கட்டிப்போடுகிறது. கழுத்து குறுகலாக இருப்பதால் நுரை மேலே ஏறுவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, எப்போது அணைப்பது என்ற குழப்பமே இல்லை. ருசியும் தனி. என் நாக்குக்கு ஈயத்தில் வைத்த ரசத்தின் புளிப்பு முரட்டுத்தனமில்லாமல் இறங்குகிறது. அத்தை சாதத்துக்கு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, டம்ளரில் தனியாக வாங்கிக் குடித்தார்கள். என் ரசத்தை அவர்கள் டம்ளரில் கேட்டது இதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பூராவும் எனக்குக் கால் தரையில் இல்லை!

ஐயோ, பெருங்காயம்! கொஞ்சம் பின்னால் போங்கள். புளித்தண்ணீர் வைக்கும்போதே போட வேண்டியது. கட்டிப் பெருங்காயத்தைச் சுண்டைக்காய் அளவு எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை விடுங்கள். தூளை விட எனக்குக் கட்டிதான். தூள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பல டப்பாக்களில் மைதாவும் கோந்தும்தான் முன்னால் நிற்கும். செடியும் நம் ஊர்ச் செடி இல்லை, ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து மலைச் செடி. இமாச்சலத்தில் லாஹுல் பள்ளத்தாக்கில் 2020ல்தான் முதல் கன்றுகளை நட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற பொருளில் மைதா கலந்தால் வயிறு எரியாதா?

தாளிப்பு, இரும்புக் கரண்டியில் நெய் ஒரு ஸ்பூன், கடுகு, கறிவேப்பிலை. கடுகு வெடித்ததும் சொம்பில் இருக்கிற ரசத்தின் மேல் ஊற்றி, மல்லித்தழை கிள்ளிப் போட்டு உடனே மூடுங்கள். மூடி தனி விலை என்றார்கள், நான் வாங்கவில்லை. எவர்சில்வர் தட்டு கச்சிதமாக உட்காருகிறது. அதற்கு எதற்கு இன்னொரு 900 ரூபாய்?

சொம்பை நேராக அடுப்பில் வைக்கப் பயமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு ஒரு வழி. புளித்தண்ணீரை எவர்சில்வரில் கொதிக்க வைத்து, பருப்புத் தண்ணீர் விடும் கட்டத்தில் எல்லாவற்றையும் சொம்புக்கு மாற்றிவிடுங்கள். நுரை கூடுகிற அந்த நேரம் மட்டும் சொம்பு அடுப்பில் இருந்தால் போதும்.

கழுவுவதற்குக் கம்பி நார் வேண்டவே வேண்டாம், ஈயம் மிருதுவான உலோகம், கோடு விழும். துணியும் புளிச்சக்கையும் போதும். கரண்டியும் மரக்கரண்டி. ஓங்கித் தட்டினால் நசுங்கும், கீழே போட்டால் கேட்கவே வேண்டாம், அதனால் நான் மேல் தட்டில் வைக்காமல் கீழ் அலமாரியில் தனியாக வைத்திருக்கிறேன்.

அடுத்த வீடியோ வேப்பம்பூ ரசமா, கண்டந்திப்பிலி ரசமா என்று கமெண்டில் போடுங்கள். எனக்குக் கண்டந்திப்பிலி என்றால் உயிர். ஆனால் வேப்பம்பூ கேட்டால் அதற்கும் தயார், காய வைத்த பூ டப்பா நிறைய இருக்கிறது. அப்புறம், ரசத்தை ராத்திரி முழுக்க ஈயத்திலேயே விடாதீர்கள், புளிப்பு பட்டுக்கொண்டே இருந்தால் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். என் சொம்பில் இன்னும் இரண்டு கரண்டி ரசம் இருக்கிறது, அதை எவர்சில்வருக்கு மாற்ற வேண்டும். வரட்டுமா மக்களே!