எஸ்.பி.எல். தேர்தலில் பெற்றோருக்கு என்ன வேலை?

பெற்றோர்கள் எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் இங்கே எஸ்.பி.எல்., அதாவது பள்ளி மாணவர் தலைவர் தேர்தல். செல்போனையே வாக்கு இயந்திரமாக்கி, விரலில் மை வைத்து, வரிசையில் நிற்க வைத்து நடத்தப் போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இப்போதெல்லாம் பல பள்ளிகளில், வாக்குப்பதிவுக்கு முதல் நாள் வகுப்பு முழுக்க சாக்லேட் வருகிறது. அதை வாங்கிக் கொடுப்பது யார்? வாட்ஸ்அப் குழுவில் "நம்ம பையனுக்குப் போடச் சொல்லுங்க" என்று எழுதுவது யார்? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த யோசனை தானாக வராது.

சரி, பெற்றோர் ஒதுங்கியே நிற்க வேண்டுமா? அதுவும் இல்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் 1988-ல் 'கிட்ஸ் வோட்டிங்' என்றொரு திட்டம் தொடங்கியது. கோஸ்டா ரிகாவுக்கு மீன் பிடிக்கப் போன மூன்று பேர், அங்கே பிள்ளைகள் பெற்றோரோடு வாக்குச்சாவடிக்குப் போகும் வழக்கத்தை அறிந்து வந்து ஆரம்பித்தது. தேர்தல் நாளில் அப்பா, அம்மா வாக்களிக்கும் இடத்திலேயே பிள்ளைக்கும் ஒரு மாதிரி வாக்குச்சீட்டு. அதற்கு முன்பே வகுப்பில் பாடம் நடக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் தேர்தலைப் பற்றிப் பேசிவிட்டு வருவதுதான் வீட்டுப்பாடம். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இதை ஆராய்ந்தவர்கள் மெக்டெவிட், சாஃபி என்ற இருவர். பிள்ளை பேச்சைத் தொடங்க, பெற்றோரும் செய்திகளைக் கவனிக்க ஆரம்பித்தார்கள் என்று கண்டார்கள். வசதி குறைந்த குடும்பங்களில் இதன் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

நம் வீட்டிலும் அதைச் செய்யலாம். "யாருக்குப் போட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது ரகசிய வாக்கு, நம்மிடமும் ரகசியம்தான். நிற்கிறவர்கள் என்ன சொன்னார்கள், அது நடக்கிற காரியமா என்று கேளுங்கள். கழிவறைக்குத் தண்ணீர் வரவைப்பேன் என்று ஒரு மாணவி சொல்கிறாள் என்று வையுங்கள். குழாய் யார் பொறுப்பு, பள்ளியா, ஊராட்சியா? உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். இரண்டு பேருமாக விசாரியுங்கள்.

சோழர் காலத்தில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறை என்றதும் நாம் பெருமைப்படுகிறோம். அதைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுக்கப் படித்தவர்கள் குறைவு. கணக்குக் காட்டாத உறுப்பினர் மட்டுமல்ல, அவருடைய அப்பா, மகன், மாமனார், மைத்துனர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது என்கிறது அது. சொந்தபந்தம் எவ்வளவு தூரம் உள்ளே நுழையும் என்று பராந்தக சோழன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது! ஓலையை எடுக்க விட்டதோ விவரம் அறியாத ஒரு சிறுவனை.

அப்புறம் இன்னொன்று. 2009 கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். பின்வரிசை அண்ணன், நீங்கள்? சரி, பரவாயில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள். ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும்.