அம்மாவின் விரலில் குற்றமில்லை

வணக்கம் நண்பர்களே. இன்று விளக்கு, பின்னணித் திரை எதையும் எடுத்து வைக்கவில்லை. கோபமும் மகிழ்ச்சியும் சேர்ந்து வந்திருக்கின்றன. ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் போனைப் பற்றி முன்பே இரண்டு வீடியோக்களில் புலம்பியிருக்கிறேன், நினைவிருக்கும். செயலிகள் இடம் மாறிக் கிடக்கும், சில காணாமலே போய்விடும். சித்தியை அழைக்க அவர் படத்தைத் தொட்டால் அழைப்பு போகாது, ஏதோ ஒரு பட்டியல் விரியும். "நீதான் எதையோ தொட்டுவிடுகிறாய் அம்மா" என்று அந்த வீடியோவிலேயே சொன்னேன். அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வந்திருந்தான். அம்மா போனை நீட்டினார். "கொடுங்கள் பாட்டி, உங்களுக்கு இதெல்லாம் வராது" என்று வாங்கி, நான்கு நொடியில் சரிசெய்து கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு இதைப்போலப் பிடிக்காத செயல் வேறில்லை. அவன் என்ன செய்தான் என்பது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. மறுநாள் அதே தொல்லை.

அதனால் நேற்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவர் விரலை மட்டும் பார்த்தேன். அம்மா தொடுவதில்லை, அழுத்துகிறார். அழுத்தி, ஒரு கணம் வைத்திருந்து, பிறகு எடுக்கிறார். இருபத்தெட்டு ஆண்டுகள் தட்டச்சு செய்த கை அது. பழைய தட்டச்சுப்பொறியில் விசையை ஓங்கி அடிக்காவிட்டால் எழுத்து தாளில் பதியாது. தொடுதிரையோ அழுத்தத்தைப் பார்ப்பதே இல்லை. விரல் பட்டதும் மின்னூட்டத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் உணர்கிறது. பிறகு நேரத்தை எண்ணுகிறது. ஏறத்தாழ அரை நொடி தாண்டிவிட்டால் அது வேறு கட்டளை. அம்மா "திற" என்கிறார், போன் "நகர்த்து" என்று எடுத்துக்கொள்கிறது. வயதானால் விரல்நுனித் தோல் உலர்ந்துவிடும், தொடுதலும் சரியாகப் பதியாது. பதியவில்லையே என்று இன்னும் அழுத்துவார். தொல்லை இரட்டிப்பாகும்.

இதற்கு மருந்து போனுக்குள்ளேயே இருக்கிறது! ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போங்கள். தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மாற்றலாம். ஐபோனில் அதே பகுதியில் தொடுதல் தொடர்பான அமைப்புகள் தனியாக இருக்கின்றன. முதலில் நடுத்தரம் வைத்து, இருபது முறை தொடச் சொன்னேன். ஆறு முறை பட்டியல் விரிந்தது. அதிகம் என்று மாற்றினேன். மறுபடி இருபது. ஒருமுறைகூட இல்லை, நண்பர்களே! நம்பாமல் இன்னொரு இருபது வைத்தேன். பூஜ்யம். அம்மா வாய்விட்டு எண்ணிக்கொண்டே தொட்டார்.

ஒன்றை விட்டுவிட்டேன். இதற்கு முன்பே முகப்புத் திரையைப் பூட்டியிருந்தேன். பல போன்களில் அந்த வசதி உண்டு. அதைச் செய்தால் செயலிகள் நகராது. ஆனால் பட்டியல் விரிவதை அந்தப் பூட்டு தடுக்கவில்லை, நேரத்தை மாற்றியதுதான் தடுத்தது. இரண்டையும் செய்யுங்கள்.

பிறகு அம்மா யார் உதவியும் இல்லாமல் சித்தியை வீடியோவில் அழைத்தார். பேசி முடித்து வைத்துவிட்டு, மறுபடி அழைத்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அழைக்க முடிகிறது என்பதற்காகவே அழைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஞாயிறு மாலை அண்ணன் மகன் என் மடிக்கணினியில் கட்டுரை ஒன்றைச் சேமித்துவிட்டு அரைமணி நேரம் தேடினான். கோப்புறை, அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் இடம், என்றால் என்னவென்றே அவனுக்குப் பிடிபடவில்லை. அம்மா கேட்டார்: "எந்த அடுக்கில் வைத்தாய்?" சரியான கேள்வி அதுதான். 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி அலுவலக மேசையையும் கோப்புகளையும் அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. அம்மா வேலை பார்த்த உலகம் அது. 2007இல் வந்த ஐபோன் கோப்புறைகளைக் கண்ணில் காட்டவே இல்லை. கோப்புகளுக்கென்று ஒரு செயலி அதில் 2017இல்தான் வந்தது. போனிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அடுக்கு எப்படித் தெரியும்? 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் 'டிஜிட்டல் பூர்வகுடிகள்' என்று எழுதியதிலிருந்து, இளையவர்களுக்கு எல்லாம் பிறவியிலேயே வந்துவிடும் என்று பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அவன் கைக்கு அவன் பழகிய கருவி, அம்மா கைக்கு அம்மா பழகியது.

அவனிடமும் நான் மடிக்கணினியைப் பிடுங்கவில்லை. பாட்டியும் பேரனும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இன்று இந்த இருபது தொடுதல் சோதனையைச் செய்து பாருங்கள். எத்தனை முறை பட்டியல் விரிந்தது என்று எழுதுங்கள். அடுத்த வீடியோவில் கணக்கில் நுழையும்போது கேட்கும், முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் அந்தக் கடவு எண்ணைப் பற்றிப் பேசுகிறேன். அம்மா ஐந்தாவது இலக்கத்தில் இருக்கும்போதே அது மாறிவிடுகிறது.