கடைவரம்பு வரை ஒரு வீடியோ

நேயர்களுக்கு வணக்கம். தங்கச்சி கல்யாண வீடியோவை மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் வருவதற்குள் பார்த்துவிடலாம் என்று போனைத் தொட்டால், நடுவில் வட்டம்தான் சுற்றுகிறது. உடனே டவரைத் திட்டுகிறோம். பாதித் தப்பு நம் கோப்பில் இருக்கிறது.

ஐபோனில் 1080பி தெளிவில், நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம், எச்.264 என்ற சுருக்க முறையில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி, அதாவது மெகாபைட். பத்து நிமிடத்துக்கு 1,300. எட்டால் பெருக்குங்கள், ஏனென்றால் கோப்பின் அளவு பைட்டில், இணைப்பின் வேகம் பிட்டில்; ஒரு பைட்டுக்கு எட்டு பிட். நொடிக்கு 2 மெகாபிட் வரும் இணைப்பில் 5,200 நொடி ஆகும். பத்து நிமிடக் கல்யாணத்துக்கு ஒன்றரை மணி நேரம்! அதையே 720பி தெளிவுக்குச் சுருக்கி நொடிக்கு 1.5 மெகாபிட்டில் வைத்தால் 112 எம்பி-தான். போன் திரைக்கு அது தாராளம்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் ஒரே சீராகவா வருகிறது? குளத்தில் தேக்கித்தான் மடை திறக்கிறோம். போனும் வருவதைக் கொஞ்சம் தேக்கி வைத்துத்தான் ஓட்டும். அதுதான் பஃபர். வட்டம் சுற்றினால் குளம் வற்றிவிட்டது என்று பொருள்.

எப்போது வற்றும்? சராசரி 1.5 என்றால் எல்லா நொடியும் 1.5 இல்லை. மணமேடையில் பெண் உட்கார்ந்திருக்கும் காட்சிக்குக் கொஞ்சம் போதும். குளச்சல் கடலலை, காற்றில் ஆடும் தென்னோலை, திருவிழா வாணவேடிக்கை, இவையெல்லாம் பிரேமுக்குப் பிரேம் மாறுபவை. அங்கே சராசரியைப்போல் மூன்று மடங்குக்கும் எகிறும். அதனால் சராசரி மட்டும் போதாது, உச்சவரம்பும் போடுங்கள்: சுருக்கும் மென்பொருளில் மேக்ஸ்ரேட், அதாவது உச்ச வேகம், நொடிக்கு 2 மெகாபிட்; பஃப்சைஸ், அதாவது அந்த வரம்பைக் கணக்கிடும் தேக்க அளவு, 3 மெகாபிட்.

இனி நான் யாரைக் கண்டாலும் சொல்லும் விஷயம். எம்பி4 கோப்புக்குள் ஓர் அட்டவணை உண்டு. எந்தப் பிரேம் எங்கே கிடக்கிறது என்று சொல்வது அதுதான். படம் எடுத்து முடித்த பிறகுதானே அதை எழுத முடியும், அதனால் கேமரா பெரும்பாலும் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறது. பார்ப்பவரின் போன் முதலில் வாலைத் தேடிப் போக வேண்டும். சர்வர் நடுவிலிருந்து எடுத்துத் தராத வகை என்றால் முழுக் கோப்பும் இறங்கினால்தான் முதல் காட்சியே வரும். சிக்னல் நாலு கோடு நின்றாலும் இதே கதைதான்! மருந்து சின்னது. வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'வெப் ஆப்டிமைஸ்டு' கட்டத்தில் டிக் அடியுங்கள். அதே வேலைக்கான எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் என்றால் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற கட்டளை. அட்டவணை முன்னுக்கு வந்துவிடும். வேறு சுருக்கம் எதுவும் வேண்டாத கோப்பு என்றால், படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுக்கும் காப்பி முறையில் சில நொடி வேலை; தரம் இம்மியும் குறையாது. திரும்பவும் சொல்கிறேன், அட்டவணை முன்னால் வர வேண்டும்.

கடிகாரம் முறைக்கிறது, மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். மலையோரம் வேகம் ஏறி இறங்கும். அங்கே ஒரே கோப்பு போதாது. வேகத்துக்கு ஏற்பப் போனே தரத்தை மாற்றிக்கொள்ள, ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் 360பி, 480பி, 720பி என மூன்று தரம் செய்து, ஆறு நொடித் துண்டுகளாக வெட்டுங்கள். கீஃப்ரேம், அதாவது மற்றப் பிரேம்களைச் சாராத முழுப் படம், இரண்டு நொடிக்கு ஒன்று, மூன்று தரத்திலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். பிசகினால் தரம் மாறும்போது படம் துள்ளும். வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்புகிறவர்கள் டவுன்லோடைப் பார்க்க வேண்டாம், அப்லோடு வேகத்தைப் பாருங்கள். ஆளுக்கு 1.5 வீதம் மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் நொடிக்கு 4.5 மெகாபிட் வெளியே போக வேண்டும். வணக்கம்.