மழைமானியும் இரண்டு விரலும்

நேயர்களுக்கு வணக்கம்.

"ஐயா, மாரிகாலத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள், பெரிய விஷயம் ஒன்றும் வேண்டாம்" என்று கேட்டார் இந்த நிகழ்ச்சியைத் தயாரிக்கும் தம்பி. என்னிடம் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. காலை எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும் என்றார். அங்கேதான் சிக்கல். எட்டரைக்கு எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது.

முப்பத்து மூன்று வருடம் நீர்ப்பாசன வேலையில் இருந்தவன் நான். மட்டக்களப்புப் பக்கத்து உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளத்தடிகளிலேயே பாதிக் காலம் போனது. முந்தின நாள் காலை 8.30இலிருந்து இன்று 8.30 வரை பெய்ததுதான் மழைக் கணக்கில் ஒரு நாள். நள்ளிரவில் நாள் மாறுவது கலண்டருக்கு. எங்களுக்கு எட்டரைக்குத்தான் மாறும். ஓய்வுபெற்றுப் பதினொரு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஊறணியில் எங்கள் வீட்டு முற்றத்தில், மாமர நிழல் படாத இடமாகப் பார்த்து, சொந்தக் காசில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன்.

மேலே புனல், உள்ளே போத்தல், வெளியே ஒரு தகரக் கலம். அளப்பதற்குக் கண்ணாடிக் குவளை தனியே. புனலின் வாய் அகலம், குவளை ஒடுக்கம். அதனால் ஒரு மில்லிமீற்றர் மழை குவளைக்குள் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். கண் மங்கியவனுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. ஒரு மில்லிமீற்றர் என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு அது ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு ஏக்கர் வயலுக்குக் கணக்குப் பார்த்தால் நாலாயிரம் லீற்றருக்கு மேல்.

கொப்பியில் மழையை எழுதி, அதன் கீழே இரண்டு வரி வேறு ஏதாவது எழுதுவேன். இந்த மாரியில் எழுதியதில் சிலதை வாசிக்கிறேன். "உப்புப் போத்தல் தண்ணீர் விட்டுவிட்டது, ஒரு பிடி அரிசி போட்டோம்." "வேட்டி மூன்றாம் நாளும் காயவில்லை." "பனையான் மீனுக்கு விலை கேட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்தேன்." "திருவெம்பாவைக்காரர் காலை 4.10க்கு வந்தார்கள். சங்கு ஊதும் பையன் புதுசு, பாதியில் மூச்சு விட்டுவிடுகிறான்." மறுநாள் பக்கத்தில் "பையன் தேறிவிட்டான்" என்று இருக்கிறது. இதை வைத்து நாளைக்கு யாரும் சரித்திரம் எழுதப் போவதில்லை. எனக்கென்னவோ மில்லிமீற்றரை விட இந்த வரிகளைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கத் தோன்றுகிறது.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்று ஒரு பழமொழி உண்டு. கர்ணன் சங்கதி எனக்குத் தெரியாது. மழைச் சங்கதி எங்கள் ஊருக்குச் சரிவராது. மட்டக்களப்பில் ஆக அதிகம் மழை பெய்யும் மாதம் டிசம்பர்தான். ஜனவரியும் சும்மா போகாது. மாரி முற்ற முற்ற மழை தெற்கே இறங்கி வருகிறது. தமிழ்நாட்டார் குடையை மடக்கி வைக்கும் நேரத்தில் நாங்கள் குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருப்போம். 2011 ஜனவரியில் போத்தல் நிரம்பி, புறக்கலத்தில் வழிந்ததையும் ஊற்றி ஊற்றி அளந்திருக்கிறேன். அந்தத் தையில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வெட்ட இருந்த வேளாண்மை எத்தனை பேருக்குத் தண்ணீருக்குள் போனது!

குளிரைப் பற்றிப் பேசினால் நுவரெலியாவில் வேலை செய்யும் என் மகன் சிரிப்பான். அங்கே தையில் புல்லில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. இங்கே விடியற்காலையில் 23, 24 பாகை. அதற்கே நான் சுவெற்றர் போட்டு, காதைச் சுற்றி மஃப்ளர் கட்டி, இஞ்சித் தேத்தண்ணீருக்கு இரண்டாம் தரம் கேட்டு மனைவியின் முகத்தைப் பார்ப்பேன். "மூத்தப்பா, அது எங்கட வெயில் நாள்" என்கிறாள் பேத்தி. சரி, ஈரத்தோடு வரும் வாடைக்காற்று முழங்காலுக்குள் புகுந்தால்தான் அந்த 24 பாகை எப்படி என்று அவளுக்குத் தெரியும். அதற்கு இன்னும் அறுபது வருடம் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். வருடத்தில் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. அதற்குப் பிறகு சூரியன் நேரத்தோடு எழும்பும் என்றுதானே நினைப்போம்? இல்லை. எங்கள் பக்கம் பொழுது ஆக முந்திப் படுவது நவம்பர் நடுவில், 5.40 அளவில். விடிவது ஆகப் பிந்துவதோ ஜனவரி கடைசியில், 6.20 தாண்டிவிடும். பூமியின் சாய்வும், ஜனவரி தொடக்கத்தில் அது சூரியனுக்குக் கிட்ட வந்து கொஞ்சம் வேகமாக ஓடுவதும் சேர்ந்து செய்கிற வேலை இது. வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில் இருந்துகொண்டு இதைக் கவனிக்க எனக்கு ஓய்வூதியம் தேவைப்பட்டது.

மாரியில் எங்கள் ஒழுங்கையின் பெரிய வழக்கு ஆற்றுவாய், அதாவது வாவி கடலோடு சேரும் முகத்துவாரம். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். கோடையில் முகத்துவாரத்தைக் கடல் மணல் போட்டு அடைத்துவிடும். மாரியில் மேலே குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து, வான்கதவும் திறந்தால் அவ்வளவு தண்ணீரும் வாவிக்குத்தான் வரும். போக வழியில்லாமல் ஏறும், வயலுக்குள்ளும் போகும். அப்போது பாலமீன்மடுப் பக்கம் மணலை வெட்டிக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது? என் வலது பக்கத்து வீட்டுக்காரருக்கு வவுணதீவில் வயல். இடது பக்கத்து வீட்டுக்காரர் தோணி வைத்திருக்கிறார். நான் நடுவில்.

"இன்னும் ரெண்டு நாளைக்கு இந்தத் தண்ணி நிண்டா என்ட பயிர் அழுகிப் போகும் அண்ணன்" என்பார் வலது. "இப்ப வெட்டினா எறால் முழுக்கக் கடலுக்குப் போயிரும், மறுகா நாங்க என்னத்தைப் பிடிக்கிற?" என்பார் இடது. இருவரும் என் கொப்பியைத்தான் சாட்சிக்குக் கேட்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை. குஞ்சாக வாவிக்குள் வந்து வளர்கிற இறால், வாய் திறந்தால் தண்ணீரோடு போய்விடும். நான் மில்லிமீற்றரை வாசித்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்பேன். தீர்ப்புச் சொல்லும் பதவியில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

இந்தக் கொப்பிப் பழக்கம் தொடங்கியது 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு. அன்று இரவு எங்கள் வீட்டு ஓடு போன சத்தத்தை இப்போதும் கேட்க முடியும். எவ்வளவு மழை பெய்தது என்று மட்டும் என்னால் யாருக்கும் சொல்ல முடியவில்லை. அடுத்த மாரிக்கு ஒரு ஜாம் போத்தலை வெளியே வைத்தேன். வேலை கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

2004 டிசம்பர் 26 பக்கமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா. எட்டரைக்கு அளந்து எழுதியிருக்கிறேன். கீழே ஒரே வரி: "கல்லடிக்கு மீனுக்குப் போக வேண்டும்." முதலில் குளித்துவிட்டுப் போங்கள் என்றார் மனைவி. அதற்குப் பிறகு பதினேழு பக்கம் வெறுமை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். நேற்றும் இதைப் பற்றிப் பேச என்னை எட்டு மணிக்கே கூப்பிட்டிருந்தார். அளக்கும் பொறுப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போய் எவ்வளவு என்று கேட்டால், "ரெண்டு விரல் இருந்தது, ஊத்திட்டன்" என்கிறார். போத்தலிலா குவளையிலா என்று கேட்டேன். அது ஞாபகம் இல்லையாம். நேற்றைய பக்கத்தில் "2 விரல்" என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அவர்தான் அளக்கிறார். எத்தனை விரல் என்று போய்த்தான் கேட்க வேண்டும்.

வணக்கம்.