வாய் திறக்காத எழுத்துக்கு ஒரு சிலுவை

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு படிக்கப் போன முதல் வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதியிருந்தும் ஒலிக்காத எழுத்துகள் அதில் உண்டு என்று தெரியாமல், கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். வகுப்பே சிரித்தது. எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே படித்துப் பழகிய தமிழ் நாக்கு, வேறென்ன செய்யும்?

16ஆம் நூற்றாண்டு லண்டன்காரர்களும் இதே பாடு பட்டவர்கள்தான். அவர்களுக்கு வாய்த்த வாத்தியார்களில் ஒருவர் க்ளோத் தெ சென்லியன். பிரான்சில் மூலேன் ஊர்க்காரர், புராட்டஸ்டன்ட். 1560களில் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். 'சென்' என்றால் புனிதம், 'லியன்' என்றால் கட்டு. அதை அப்படியே ஆங்கிலமாக்கி, ஹோலிபேண்ட் ஆகிவிட்டார்!

செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் பள்ளி நடத்தினார். அவருடைய பாடநூலில் வரும் ஓர் உரையாடலில் கட்டணமும் பேசப்படுகிறது: வாரத்துக்கு ஒரு ஷில்லிங், வருஷத்துக்கு 40. மொத்தமாகக் கட்டினால் 12 ஷில்லிங் மிச்சம். நம் டியூஷன் சென்டர் கணக்கு போலத்தான் இருக்கிறது.

பிரெஞ்சில் அப்போது பள்ளிக்கு 'எஸ்கோல்' என்று எழுதி 'எக்கோல்' என்பார்கள். விருந்துக்கு 'ஃபெஸ்த்' என்று எழுதி 'ஃபெத்' என்பார்கள். நடுவில் இருந்த 'எஸ்' ஒரு காலத்தில் ஒலித்ததுதான். அது ஒலித்த நாளில் கடன் வாங்கியதால்தான் ஆங்கிலத்தின் 'ஃபீஸ்ட்'டில் இன்றும் கேட்கிறது. பிரெஞ்சுக்காரர் நாக்கு அதை விட்டுவிட்டது, பேனா விடவில்லை. ஹோலிபேண்ட் என்ன செய்தார்? ஒலிக்காத எழுத்துக்கு அடியில் பொடியாக ஒரு சிலுவைக் குறி போட்டு அச்சடித்தார். அச்சுக் கோத்தவர் மனதுக்குள் திட்டியிருப்பார், படிப்பவருக்கு நிம்மதி.

எனக்கு இன்னும் பிடித்தது, உச்சரிப்பு விதிகளை அவர் புத்தகத்தின் கடைசிக்குத் தள்ளியதுதான். சீக்கிரம் கற்க வேண்டுமா, எடுத்த எடுப்பில் விதிகளில் சிக்காதே, உரையாடல்களைப் படி, தடுக்கும்போது பின்னால் புரட்டிப் பார் என்கிறார். என் வகுப்பில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். விதிகளே மூன்று மாதம் ஓடின.

அப்புறம் பழமொழிகள். அவற்றையும் பாடமாக வைத்தார். எதுகையும் சுருக்கமுமாக இருப்பதால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பழைய பிரெஞ்சுப் பழமொழி ஒன்று, வெந்நீர் பட்ட பூனை பச்சைத் தண்ணீருக்கும் பயப்படும் என்கிறது. நம் ஊரில் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. அந்தப் பூனைக்குப் பிரெஞ்சில் 'எஷோதே' என்று அடைமொழி. பழைய எழுத்தில் அதற்குள்ளும் ஒரு 'எஸ்' சும்மா உட்கார்ந்திருக்கும். ஹோலிபேண்ட் முறைப்படி அதற்கும் ஒரு சிலுவை.