ஆட்கொணர்வு மனுவுக்குள் ஒரு லத்தீன் பெயர்ச்சொல்

ஆட்கொணர்வு மனுவுக்கு வக்கீல்கள் வழங்கும் பெயர் ஹேபியஸ் கார்ப்பஸ். அந்தக் கார்ப்பஸை மட்டும் இன்று பிரித்துப் பார்ப்போம். லத்தீன் உச்சரிப்பில் அது கொர்ப்புஸ், பொருள் உடல்.

உஸ் என்று முடிகிறதே, தொமினுஸ் (எஜமான்) மாதிரி ஆண்பாலாக இருக்கும் என்று நினைத்து, பன்மைக்குக் கொர்ப்பீ என்று எழுதிவிடுவார்கள். அங்கேதான் சறுக்கல். லத்தீன் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும் விதத்தால் ஐந்து வாய்பாடுகளாகப் பிரியும். தொமினுஸ் இரண்டாம் வாய்பாடு, மனுஸ் (கை) நான்காவது, கொர்ப்புஸ் மூன்றாவது. அதுவும் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத மூன்றாம் பால். எழுவாயைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் அகராதியில் பக்கத்திலேயே ஆறாம் வேற்றுமை வடிவமும் இருக்கும்: கொர்ப்பொரிஸ், உடலினுடைய. அதில் இஸ்ஸைக் கழியுங்கள். கொர்ப்பொர் என்ற அடி கிடைக்கும். இனி உருபு ஒட்டுவதுதான் வேலை: கொர்ப்பொரீ உடலுக்கு, கொர்ப்பொரெ உடலால். ஈற்றில் நெடில், குறில் பார்த்துச் சொல்லுங்கள். பன்மை கொர்ப்பொர, அகரத்தில் முடிவதால் பெண்பால் ஒருமை என்று ஏமாறாதீர்கள்.

சரி, கொர்ப்புஸில் இருந்த ஸகரம் கொர்ப்பொரிஸில் ரகரமானது எப்படி? பழைய லத்தீனில் இரண்டு உயிருக்கு நடுவே சிக்கிய ஸகரம் ரகரமாகத் திரிந்தது. பபீஸியுஸ் என்ற குடும்பப் பெயரே பபீரியுஸ் ஆனதை ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். சொல்லின் கடைசியில் நின்ற ஸகரத்துக்குப் பின்னால் உயிர் இல்லை, தப்பித்தது. நாம் தினமும் சொல்லும் கார்ப்பரேஷனில் கேட்பது இந்த ரகரம்தான்.

உயிரெழுத்தில் இன்னொரு வம்பு. தெம்புஸ் (காலம்) தெம்பொரிஸ் ஆகும். கெனுஸ் (இனம்) கெனெரிஸ் ஆகும். இதற்குச் சூத்திரம் தேடாமல் மனப்பாடம் செய்துவிடுவதே மேல்.

இப்போது மனுவுக்கு வருவோம். ஹேபியஸ் லத்தீன் உச்சரிப்பில் ஹபெயாஸ். அது ஏறக்குறைய நம் வியங்கோள்: 'நீ கொண்டிருப்பாயாக'. எதை? உடலை. அப்படியானால் இரண்டாம் வேற்றுமை உருபு எங்கே? மூன்றாம் பாலில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம். தமிழில் 'தண்ணீர் குடித்தான்' என்று அஃறிணையில் ஐ இல்லாமல் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. ஒரு வேறுபாடு: தமிழில் 'தண்ணீரைக் குடித்தான்' என்றும் சொல்லலாம், லத்தீனில் அந்த வசதி கிடையாது. உடல்கள் பலவானால் ஹபெயாஸ் கொர்ப்பொர. ஜூரிகளை வரவழைக்க இங்கிலாந்தில் முன்பு இருந்த நீதிப்பேராணைக்குப் பெயரே அதுதான்.